டைமிங் பெல்ட் அறுந்த எஞ்சினுக்குப் புது பெல்ட் மட்டும் போட்டால் போதுமா?

பெரும்பாலும் போதாது. டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த ரப்பர் வார். கீழே பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் ஒரே தாளத்தில் பிணைத்து வைப்பது அதுதான். கீழ்த்தண்டு 2 சுற்று சுற்றினால் மேல்தண்டு 1 சுற்று.

ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்ததும் வால்வு திறந்தபடி நின்றுவிடும். மேலே வரும் பிஸ்டன் அதை இடித்து வளைத்துவிடும். சில எஞ்சின்களில் இரண்டுக்கும் நடுவே இடம் உண்டு. அவற்றுக்குத்தான் புது பெல்ட்டே போதும்.

இறம்பொடை மலை ஏற்றத்தில் கார் சட்டென்று அடங்கி, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக விர்ரென்று சுற்றுகிறதா? பெல்ட் போயிருக்கலாம். மறுபடி திருப்பாதீர்கள், இழுத்துக்கொண்டே கராஜுக்குப் போங்கள். அங்கே புது பெல்ட்டைக் குறிகளுக்கு நேராக மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது சிலிண்டரில் அழுத்தம் இல்லையென்றால் வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். லேசாக வளைந்த வால்வு கண்ணுக்கு வளையாதது போலவே தெரியும். உருட்டிப் பார்த்தால்தான் நெளிவு பிடிபடும். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடான ஹெட் கேஸ்கட் கட்டாயம் புதிது. பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரையும் அப்போதே மாற்றிவிடுங்கள், பழையது சுற்றாமல் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும்.

பள்ளத்தில் உருட்டி, கியரில் கிளட்சை விட்டால் ஸ்டார்ட் ஆகும் என்று மலையில் பலர் நினைக்கிறார்கள். பேட்டரி இறங்கினால் அது சரி, பெல்ட் அறுந்த காரில் தப்பியிருந்த வால்வுகளும் அப்போதுதான் வளையும்.