விடுமுறை முடிந்த மறுநாள் வரும் நெஞ்சிறுக்கம்

கேள்வி: என் கணவருக்கு வயது 41. நூற்பாலை ஒன்றில் பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் நாளில், ஷிப்டு தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதாகவும் மூச்சு முட்டுவதாகவும் சொல்கிறார். இருமலும் இருக்கிறது. இரண்டு மூன்று நாள்களில் அது தணிந்துவிடும். பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது மிகவும் சிரமப்பட்டார். எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை, ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று கூறி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். பீடி பிடிக்கும் பழக்கம் உண்டு. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார். இது எதனால் வருகிறது? அவர் இந்த வேலையை விட்டுவிட வேண்டுமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: எந்த நாளில் தொந்தரவு வருகிறது என்பதை நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான தகவல். ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சிறுக்கம் வருவதும், அடுத்தடுத்த நாள்களில் அது குறைவதும், நீண்ட விடுமுறைக்குப் பின் கடுமையாவதும், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் அடையாளங்கள். பணியிடத்தால் வரும் ஆஸ்துமா பெரும்பாலும் வேலை நாள்கள் கூடக் கூட மோசமாகி விடுமுறையில் தணியும். உங்கள் கணவருக்கு நடப்பது அதற்கு மாறாக இருக்கிறது. மருத்துவ நூல்கள் இதைத் திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம் என்று குறிப்பிடுகின்றன. ஆனால் நம் ஆலைகளில் வார விடுமுறை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளில் வருவதால், கிழமையைக் கேட்கும் மருத்துவருக்கு இந்த ஒழுங்கு தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே மருத்துவரிடம், "விடுமுறை முடிந்த முதல் நாளில் வருகிறது" என்று அவர் சொல்லட்டும்.

ஆலைக்கு வரும் பஞ்சில் இலைத்துணுக்கும் பூவடிச் செதில்களும் மண்ணும் கலந்திருக்கும். அவற்றோடு பாக்டீரியாக்களும் வரும். புளோரூமில் பேல் எனப்படும் பஞ்சுப் பொதியைப் பிரித்துப் பஞ்சை உதறும்போதும், கார்டிங்கில் இழைகளைச் சீவிப் பிரிக்கும்போதும் இவை நுண்ணிய தூசியாகக் காற்றில் கலக்கின்றன. அந்தப் பாக்டீரியாக்களின் உறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப் பொருள் மூச்சுக்குழாய்களை அழற்சியுறச் செய்து சுருக்குவதே இந்நோயின் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தொடர்ந்து தூசியில் இருக்கும்போது உடல் ஓரளவு பழகி எதிர்வினையைக் குறைத்துக்கொள்கிறது. ஓய்வு நாளில் அந்தப் பழக்கம் அகன்றுவிடுவதால், திரும்பிப் போகும் முதல் நாளில் மூச்சுக்குழாய்கள் மீண்டும் கடுமையாகச் சுருங்குகின்றன. கண்ணுக்குத் தெரிந்து பறக்கும் பஞ்சுப் பிசிறைவிட, கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியே நுரையீரலின் உள்ளே வரை செல்கிறது. தலைமுடியில் பஞ்சு ஒட்டவில்லை என்பதால் அன்று தூசி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பிரிட்டனின் லங்காஷயர் பருத்தி ஆலைத் தொழிலாளர்களை 1950-களில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் இந்நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். முதலில் வாரத்தின் முதல் வேலை நாளில் எப்போதாவது இறுக்கம் வரும். பிறகு ஒவ்வொரு முதல் நாளிலும் வரும். அதன்பின் மற்ற நாள்களுக்கும் பரவும். இறுதியில் நுரையீரலின் திறன் நிரந்தரமாகக் குறைந்து, வேலையை விட்ட பின்னரும் மூச்சுத்திணறல் நீடிக்கும். தொடக்க நிலைகளில் தூசியிலிருந்து விலகினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் இரண்டு மூன்று நாள் வரை தொந்தரவு நீடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் குறை தெரியாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, ஏனெனில் பிசினோசிஸில் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். செய்ய வேண்டிய பரிசோதனை, கருவியில் ஊதச் செய்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி. விடுமுறை முடிந்த முதல் நாளில் ஷிப்டுக்கு முன்பு ஒருமுறையும் ஷிப்டு முடிந்ததும் ஒருமுறையும் ஊதச் செய்து, முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவை ஒப்பிட வேண்டும். அது 5 சதவீதமோ 200 மில்லி லிட்டரோ குறைந்தால், அமெரிக்கப் பஞ்சுத் தூசி விதிகளின்படி அந்தத் தொழிலாளியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். வேறொரு சாதாரண நாளில் செய்த ஒற்றைச் சோதனை இயல்பாக இருந்தால் அதை நம்பி ஓய்ந்துவிட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், காசநோய் இல்லை என்பதை உறுதிசெய்யச் சளிப் பரிசோதனையும் தவறாமல் செய்துகொள்ளட்டும். இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரித்து ஆறுதல் தரும். அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் மருந்தை உறிஞ்சிக்கொண்டே அதே தூசியில் நிற்பதால் நோய் முன்னேறுவது நிற்காது. பீடிப் புகை இந்த நோயைத் தீவிரப்படுத்துகிறது என்பதால், அதை விடுவது சிகிச்சையின் ஒரு பகுதி. நீங்கள் எடுத்துச் சொல்வதோடு, புகைப்பழக்கத்தை நிறுத்த மருத்துவ உதவியும் கிடைக்கும் என்பதை அவரிடம் கூறுங்கள்.

அடுத்தது துண்டு. நனைத்துக் கட்டினாலும் மடித்துக் கட்டினாலும் அது பிசிறைத்தான் தடுக்கும். நுண்தூசி இழைகளின் இடைவெளி வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் புகுந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தும் மெல்லிய முகக்கவசமும் இதற்குப் போதாது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை முகக்கவசம் வேண்டும். மூக்கின் மேலும் கன்னத்திலும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அடர்ந்த தாடி இருந்தால் பொருந்தாது. ஈரமாகி மூச்சு வாங்கக் கடினமானதும் மாற்ற வேண்டும். ஆனாலும் இதைக் கடைசிப் பாதுகாப்பாகவே நான் கருதுகிறேன். வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த கார்டிங் கூடத்தில் எட்டு மணி நேரம் ஒரு மனிதர் அதை அணிந்தே இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

தூசியை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு. கார்டிங் இயந்திரங்களின் மூடிகள் மூடியிருக்க வேண்டும். உறிஞ்சு குழாய்களில் ஓட்டையோ அடைப்போ இருந்தால் அன்றே சரிசெய்ய வேண்டும். வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இயந்திரத்தைத் துடைப்பதற்குப் பதிலாக ஏர் அடித்து, அதாவது அழுத்தக் காற்றைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது பல ஆலைகளில் வழக்கமாகிவிட்டது. படிந்திருந்த தூசி முழுவதையும் மீண்டும் மூச்சுக்காற்றில் கலக்கும் இந்தப் பழக்கம்தான் எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. துடைப்பத்தால் பெருக்குவதிலும் அதே தீங்கு உண்டு. உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்வதே முறை. தவிர்க்க முடியாமல் ஏர் அடிக்கும்போது அங்கு முகக்கவசமின்றி எவரும் நிற்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கார்டிங் சிலிண்டர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் சுழலும். அது முழுமையாக நின்ற பின்னரே அடைப்பை எடுக்கக் கை வைக்க வேண்டும்.

வேலையை விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே விட்டுவிடச் சொல்வது எனக்கு எளிது. குடும்பத்துக்கு அது எளிதல்ல. பரிசோதனை பிசினோசிஸை உறுதிசெய்தால், புளோரூம், கார்டிங், கழிவுப் பஞ்சு ஆகிய பகுதிகளிலிருந்து தூசி குறைந்த பகுதிக்கு மாற்றும்படி மருத்துவரின் கடிதத்தோடு நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்கட்டும். மாறிய பிறகும் ஸ்பைரோமெட்ரி அளவு குறைந்துகொண்டே போனால் பஞ்சுத் தூசியுள்ள வேலையையே விட வேண்டியிருக்கும்.

அவர் இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்தால் அதன் மருந்தகம் வழியாகவே பரிசோதனைகளைத் தொடங்குங்கள். பிசினோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய். இஎஸ்ஐ திட்டத்தில் அது பணியில் ஏற்பட்ட காயத்துக்கு இணையாகக் கருதப்படுகிறது. இஎஸ்ஐ வரம்புக்குள் வராதவர்களுக்கு, இழப்பீடு பெறத்தக்க தொழில்சார் நோய்களின் சட்ட அட்டவணையில் இந்நோய் இடம்பெற்றிருக்கிறது. எத்தனை ஆண்டுகள், எந்தப் பகுதியில் வேலை செய்தார் என்பதற்குச் சான்று தேவைப்படும் என்பதால், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை, பணிமாற்ற உத்தரவுகள், ஸ்பைரோமெட்ரி தாள்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். தூசி உறிஞ்சும் அமைப்பு பழுதாகியே கிடந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, முதல் நாள் இறுக்கம்தான் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.