‘நோ டிஸ்க்’ காட்டும் சிடி பிளேயர்: குறை கருவியிலா, சிடியிலா?

கேள்வி: ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் அப்பாவுக்காக 4,800 ரூபாய்க்குச் சிறிய சிடி பிளேயர் வாங்கினேன். இறக்குமதிப் பொருள், சார்ஜ் ஏற்றும் பேட்டரி, ஓராண்டு வாரண்டி. பத்து நாளிலேயே சில சிடிகளுக்கு ‘நோ டிஸ்க்’ என்று காட்ட ஆரம்பித்தது. சில சிடிகள் கடைசிப் பாட்டுகளில் திக்குகின்றன. அப்பாவிடம் இருப்பதில் பாதி ஒரிஜினல், பாதி கம்ப்யூட்டரில் எழுதியவை. “உங்கள் சிடி பழசு, கீறல் இருக்கும், திருப்பி அனுப்பும் ஏழு நாளும் முடிந்துவிட்டது” என்கிறார் விற்றவர். பணம் திரும்பக் கிடைக்குமா? பிரித்து லென்ஸைத் துடைத்துப் பார்க்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில், பிரிக்காதீர்கள். திருகைக் கழற்றிய தடமும் கிழிந்த வாரண்டி ஸ்டிக்கரும் எதிர்த்தரப்புக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கும் வாதம். மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் லென்ஸைச் சுத்தம் செய்வது வேறு, அது பிரிப்பதாகாது. கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் காற்றுப் பந்தால் இரண்டு மூன்று முறை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கையேடு அனுமதித்தால் மட்டும், பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: குறை கருவியிலா, சிடியிலா? ‘சிடி பழசு’ என்ற பதிலை அலட்சியமாக எண்ணாதீர்கள். நுகர்வோர் ஆணையத்திலும் எதிர்த்தரப்பு இதையேதான் சொல்லும். அதனால் புகாருக்கு முன் சோதனையை முடித்துவிடுங்கள்.

எழுதிய சிடிகளை ஓரமாக வையுங்கள். அச்சிட்ட ஒரிஜினல் சிடி தன்மேல் விழும் லேசர் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வகை 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும், அதைப் படிக்கும் திறன் எல்லாக் கருவிக்கும் கிடையாது. எழுதியபின் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல் விட்ட சிடியும் ‘நோ டிஸ்க்’ காட்டலாம், குற்றம் கருவியுடையதல்ல. இவற்றை ஆதாரமாக நீட்டினால் வழக்கு பலவீனமாகும்.

கீறலில்லாத மூன்று ஒரிஜினல் சிடிகள் போதும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. கருவியை முழுதாக சார்ஜ் செய்து, ஆடாத மேசையில் வையுங்கள். அதிர்வு தாங்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பாட்டைச் சில நொடிகள் முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்வதால், படிப்பதில் வரும் தடுமாற்றம் காதுக்கு எட்டாமல் போகும். பிறகு அதே மூன்று சிடிகளை வேறொரு கருவியில் போடுங்கள். எந்தச் சிடி, எத்தனையாவது பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து வையுங்கள்.

ஒரே சிடி இரண்டு கருவியிலும் ஒரே இடத்தில் திக்கினால் குறை சிடியில்தான், விற்றவர் சொன்னது சரி. மற்ற கருவியில் ஒழுங்காகப் பாடும் சிடிகள் உங்கள் பிளேயரில் மட்டும் தடுமாறினால் குறை பிளேயரில். உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘கடைசிப் பாட்டுகளில் திக்குகிறது’ என்ற தகவல் முக்கியமானது. சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கிப் படிக்கப்படுகிறது. 70 நிமிட சிடிகள் எல்லாமே ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தடுமாறி, 40 நிமிட சிடிகள் ஒழுங்காக முடிந்தால், லென்ஸை வெளிப்புறம் நகர்த்தும் அமைப்பின் மேல்தான் முதல் சந்தேகம். வீட்டில் உபயோகித்த விதத்தால் பத்தே நாளில் அது கெட்டது என்று வாதிடுவது சுலபமல்ல.

இதையெல்லாம் இடையில் வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். சிடியின் மேல்பக்கம், கருவியின் வரிசை எண், திரையில் ஓடும் நேரம் மூன்றும் தெரிய வேண்டும். அந்த ஃபோனையும் மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு (பதிவு எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்வது) தாக்கல் செய்தால் மின்னணு ஆதாரத்தைப் பற்றிய ஆட்சேபத்துக்கு இடமிருக்காது.

அடுத்து விளம்பரப் பக்கம். இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பக்கம் நாளையே மாறலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(10) பிரிவுப்படி, விற்பவர் இருப்பதாகச் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டாலும் அது ‘குறைபாடு’தான். விளம்பரத்தில் ‘சிடி-ஆர், சிடி-ஆர்டபிள்யூ, எம்பி3 எல்லாம் பாடும்’ என்று இருந்தால், ஓரமாக வைக்கச் சொன்ன சிடிகளும் உங்கள் பக்கம் வந்துவிடும், ஃபைனலைஸ் செய்தவையாக இருந்தால்.

‘ஏழு நாள் முடிந்தது’ என்பது பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில். பழுதான பொருளுக்கு அது பொருந்தாது. மின்வணிக விதிகள், 2020-இன் 6-ஆம் விதிப்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஓராண்டு வாரண்டி தனியாக இருக்கிறது.

தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பது விதி. விற்பவரின் முழு முகவரியையும் அதே மடலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், தர வேண்டியது தளத்தின் கடமை. இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். இந்தத் தொகைக்குப் பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் விற்பவர், இறக்குமதியாளர், தளம் மூவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். நீங்களே எழுதலாம். 4,800 ரூபாய் பொருளுக்கு வக்கீல் கட்டணம் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிறகு புகார். விற்பவரோ தளமோ இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது.

பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் புகார்தாரர். பயன்படுத்துகிறவர் அப்பா என்பதால் அவருடைய பிரமாண வாக்குமூலத்தையும் இணைப்பது நல்லது.

பரிசோதிக்காமல் குறையை முடிவு செய்ய இயலாது என்று ஆணையம் கருதினால் 38-ஆம் பிரிவின்படி கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்தச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். அதைத் தவிர்க்கத்தான் இத்தனை சோதனையும். மெக்கானிக் ஒருவரிடம், கருவியைத் திறக்காமலேயே, இரண்டு கருவிகளிலும் போட்டுப் பார்த்த முடிவைக் கையெழுத்தோடு வாங்கி இணையுங்கள். கருவியை ஆணையத்தின் முன்னிலையிலேயே பாட வைத்துக் காட்டவும் அனுமதி கேட்கலாம்.

கோரிக்கையில் பணமும் வட்டியும் முதலில், மாற்றுக் கருவி இரண்டாவதாக, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் மிதமான தொகை. லட்சக்கணக்கில் கேட்டால் நம்பகத்தன்மைதான் குறையும்.

சார்ஜ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இத்தகைய மலிவான கருவிகள் சில, சி-டைப் துளை இருந்தும், இரு முனையும் சி-டைப்பாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக உள்ள கேபிளில் ஏறும். துளையில் இருக்க வேண்டிய இரண்டு சிறு ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்ததன் விளைவு இது. பெட்டியோடு வந்த கேபிளில் போட்டுப் பார்க்காமல் ‘சார்ஜே ஏறவில்லை’ என்று நோட்டீஸில் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரி பொய்யானால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள்.

பணத்தைத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்தால் கருவியை நீங்கள் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பெட்டி, கேபிள், இயர்போன், கையேடு எதையும் வீசாதீர்கள். மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கட்டும்.