ரெண்டு பேருக்கு எத்தனை குவார்ட்? கனடா கிளம்பும் ஏற்காட்டுத் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாசம் நீங்களும் உங்க வீட்டம்மாவும் ஏற்காட்டுல இருந்து பிராம்ப்டன் போறீங்க, ரெண்டு பேருக்கும் வேலை. ஸ்லோ குக்கர், அதான் மணிக்கணக்கா மெதுவா வேகவைக்கிற கரண்ட் சட்டி, வாங்கினா சாயங்காலச் சமையல் மிச்சமாகுமா, எந்த அளவு வாங்கறது, சேலத்துலயே வாங்கி எடுத்துட்டுப் போயிடலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் பிராம்ப்டன்ல பல வருஷமா இருக்கேன், இப்ப லீவுக்கு அஸ்தம்பட்டி அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன்.

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடறேன். இங்க வாங்காதீங்க. நம்ம ஊர் கரண்ட் 230 வோல்ட், கனடாவுல 120. இங்க வாங்குற ஹீட்டர் சாமான் அங்க ஏறக்குறைய கால்வாசி சூடுதான் தரும். பத்து டாலர் அடாப்டர் பிளக்கோட வடிவத்தைத்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது. ஆனா அடுப்புல வைக்கிற பிரஷர் குக்கரை இங்கிருந்தே எடுத்துட்டுப் போங்க. 3 லிட்டர், இண்டக்‌ஷன் அடியோட. கேஸ்கெட் ரெண்டு, சேஃப்டி வால்வு ஒண்ணு கூடுதலா பெட்டியில போட்டுக்கங்க. ஸ்லோ குக்கர் வந்தாலும் பிரஷர் குக்கர் வேலையை அது பார்க்காது.

ஏன்னு சொல்றேன். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்க தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிடும், அதான் மூடி போடாம வச்சா பருப்பு வேகவே மாட்டேங்குது. ஸ்லோ குக்கரும் அந்த மாதிரி கொதியைத் தொட்டும் தொடாமலும் நிக்கிற சூட்டுலதான் வேலை செய்யும். லோ, ஹைன்னு ரெண்டு போட்டிருப்பாங்க. கடைசியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் போகும், ஹை சீக்கிரம் போகும், லோ மெதுவா போகும், அவ்வளவுதான். ஹைல 4 மணி நேரத்துல வேகறது லோல 8 மணி நேரம் ஆகும். துவரம்பருப்பு சாம்பாருக்காக இதை வாங்கறது வீண். புளி ஊத்திட்டா பருப்பு இன்னும் முரண்டு பிடிக்கும்.

ஸ்லோ குக்கரை அமெரிக்காவுல உருவாக்கின இர்விங் நேக்ஸன், ராத்திரி முழுக்க அடுப்புச் சூட்டுல பயறும் கறியும் வேகற யூதர் வீட்டுக் குழம்பை மனசுல வச்சுத்தான் செஞ்சார். 1940ல காப்புரிமை கிடைச்சது. ஆக, ஆட்டுக்கால், எலும்போட மட்டன், ஊறவச்ச கொள்ளு, இதெல்லாம்தான் இதுல பிரமாதமா வரும். ஆட்டுக்காலை ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலையில எலும்பு தனியா கழண்டு வரும். மிளகை மட்டும் கடைசியில இடிச்சுப் போடுங்க, முதல்லயே போட்டா எட்டு மணி நேரத்துல வாசம் செத்துடும். தேங்காய்ப்பாலும் தயிரும்கூட கடைசியிலதான், இல்லேன்னா திரிஞ்சிடும். தண்ணி வத்தாது, அதனால வழக்கமா ஊத்துறதுல பாதி போதும். வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலாப் பொடியை வாணலியில வதக்கித்தான் சேர்க்கணும். எல்லாத்தையும் பச்சையா கொட்டி மூடுற வெள்ளைக்காரங்க முறை நம்ம குழம்புக்கு ஆகாது, பச்சை வாசனை போகவே போகாது. வதக்கும்போது எக்ஸாஸ்ட் போட்டு, குளிர் கோட்டை அலமாரிக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திடுங்க. மறுநாள் ரயில்ல பக்கத்துல உக்கார்றவங்க நன்றி சொல்லுவாங்க.

ராஜ்மா மட்டும் ஜாக்கிரதை. பச்சையா இருக்கிற ராஜ்மாவுல ஒரு நச்சு உண்டு, ஸ்லோ குக்கர் சூட்டுல அது சாகாது. அரைகுறையா வெந்தா வாந்தியும் வயித்துப்போக்கும் நிச்சயம். 5 மணி நேரம் ஊறவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத்தண்ணியில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டுத்தான் உள்ள போடணும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கறியையும் அப்படியே கட்டியா போடாதீங்க.

இப்ப அளவு. அங்க குவார்ட் கணக்கு, ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. கடையில 6, 8 குவார்ட் அடுக்கி வச்சுத் தள்ளுபடி போட்டிருப்பாங்க. சின்னதை விட அது அஞ்சு டாலர்தான் கூடன்னு கை போகும், விட்டுடுங்க. இந்தச் சட்டி பாதியாவது நிறையணும், முக்காலுக்கு மேல போகக்கூடாது. சூடு பக்கவாட்டுல இருந்து வருது, பெரிய சட்டியில கொஞ்சமா போட்டா ஓரமெல்லாம் காய்ஞ்சு தீஞ்சிடும். 6 குவார்ட்டைப் பாதி நிரப்பினாலே மூணு லிட்டருக்குக் கொஞ்சம் குறைய குழம்பு. திங்கக்கிழமை வச்சதை வியாழக்கிழமை வரைக்கும் மூஞ்சியைச் சுளிச்சுட்டுத் திம்பீங்க. ரெண்டு பேருக்கு மூணரையில இருந்து 4 குவார்ட் சரி. அன்னிக்கு ராத்திரிக்கு, மறுநாள் டப்பாவுக்கு, ஃப்ரீசருக்கு ஒரு டப்பா. 2 குவார்ட்ல ஆட்டுக்கால் மடங்காது.

டொராண்டோவுல வேலைன்னா ‘கோ’ (GO)ங்கிற புறநகர் ரயில்ல போய் வர்றதோட பத்து மணி நேரம் ஆயிடும். அதனால நேரம் முடிஞ்சதும் தானா ‘வார்ம்’க்கு, அதாவது ஆறாம வச்சிருக்கிற சூட்டுக்கு, மாறுற டைமர் மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மத்த பட்டன் எதுக்கும் காசு கொடுக்காதீங்க. உள்சட்டி கழட்டுற மாதிரி, கறுப்பு நிறமா இருக்கட்டும், வெள்ளையில மஞ்சள் கறை ஏறும். கரண்டுக்குப் பயப்பட வேண்டாம், 200 வாட் மாடல் 8 மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான்.

இன்ஸ்டன்ட் பாட்ங்கிற கரண்ட் பிரஷர் குக்கர் எல்லாத்தையும் செய்யுமேன்னு சொல்லுவாங்க. அதுலயும் ஸ்லோ பட்டன் உண்டு, ஆனா சூடு அடியில மட்டும்தான், எனக்குத் திருப்தியா இல்லை. கையில பிரஷர் குக்கர் இருக்கிறவங்களுக்கு அது தேவையும் இல்லை.

போன முதல் வாரமே வாங்கணும்னு இல்லை. டிசம்பர் 26 பாக்ஸிங் டே தள்ளுபடி வரைக்கும் பொறுக்கலாம், பழைய சாமான் கடையிலயும் நல்லதா கிடைக்கும். பழசு வாங்கினா சட்டியை வெளிய எடுத்து நகத்தால தட்டிப் பாருங்க, செவ்வாய்ப்பேட்டையில பானை வாங்குற மாதிரி. கணீர்னு கேட்கலைன்னா விரிசல் இருக்கு, வச்சிட்டு வந்துடுங்க.