காடம்பாறை நீரேற்று மின் நிலையம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காடம்பாறையில் இறங்கிய தண்ணீரையே மின்சாரம் செலவழித்து மீண்டும் மேலே ஏற்றுகிறார்களாமே, இது நட்டக் கணக்கு அல்லவா?

பதில்: யூனிட்டை மட்டும் எண்ணினால் நட்டம்தான். இத்தகைய நிலையங்களில் நீரேற்ற 100 யூனிட் செலவிட்டால் 75 முதல் 80 யூனிட் வரையே திரும்பக் கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒரே மதிப்புடைய மின்சாரம் அல்ல. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் நள்ளிரவிலும் ஓயாமல் சுழல, மின்தேவை குறைந்திருக்கும் அந்த நேரத்தில் நீரை ஏற்றி வைத்து, மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றும்போது அதை இறக்கலாம். ‘மின் நிலையம்’ என்ற பெயர்தான் குழப்புகிறது. மின்சாரக் கிடங்கு என்று கொண்டால் கணக்கு விளங்கும்.

கேள்வி: ஏற்றவும் இறக்கவும் தனித்தனி இயந்திரங்களா?

பதில்: இல்லை. ஆனைமலையைக் குடைந்து அமைத்த நிலத்தடி நிலையத்தில் தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் உள்ளன. 1987க்கும் 1989க்கும் இடையே இயக்கத்துக்கு வந்தன. ஒரு திசையில் சுழன்றால் டர்பைன், எதிர்த்திசையில் சுழன்றால் பம்பு. மேல்தேக்கம் காடம்பாறை அணை. கீழ்த்தேக்கத்தின் பெயரோ மேல் ஆழியாறு, புதியவர்கள் தடுமாறுவது வழக்கம். பம்பாக இயக்கத் தொடங்கும்போது நீர் நிறைந்த நிலையில் சுழற்றினால் சுமை மிகுதியாகும் என்பதால், அழுத்தக் காற்றால் சுழலியைச் சூழ்ந்த நீரைக் கீழே தள்ளி, காற்றிலேயே முழு வேகத்துக்குச் சுழலவிட்ட பிறகு நீரை உள்ளே விடுவது இவ்வகை நிலையங்களின் பொதுவான முறை.

கேள்வி: ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

பதில்: நீர் இறங்கும் உயரம் ஏறத்தாழ 380 மீட்டர். எனவே ஆயிரம் லிட்டருக்கு, இழப்பு போக, ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லாரி நீருக்கு 11 யூனிட். ஓர் இயந்திரம் முழுத் திறனில் ஓட, நொடிக்கு இரண்டரை லாரி நீர் இறங்க வேண்டும்.

கேள்வி: கோடையில் என்ன ஆகும்?

பதில்: அதே நீர் போய்வருவதால் ஆவியாதலும் கசிவும் மட்டுமே இழப்பு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: கீழ்த்தேக்கத்து நீரை ஆழியாறு மின் நிலையமும் சமவெளிப் பாசனமும் எதிர்பார்த்திருக்கின்றன; அங்கே திறந்துவிட்ட நீரை மீண்டும் மேலே ஏற்ற வழியில்லை.