மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்) நோயாளிகளில் எத்தனை பேருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று இருக்கிறது?

ஏறக்குறைய எல்லாருக்கும். ஆனால் இதை மட்டும் வைத்து வைரஸ்மேல் பழி போட முடியாது. நரம்பு நோய் எதுவும் இல்லாத பெரியவர்களிலும் சுமார் 95 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று உண்டு. எச்சில் வழியாகப் பரவும். சின்ன வயதில் வந்தால் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும்; அப்புறம் பி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குள் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும்.

சரி, எல்லாரிடமும் இருப்பதைக் காரணம் என்று எப்படிச் சொல்வது? தொற்று இல்லாத அந்தச் சிறு கூட்டத்தைப் பின்தொடர வேண்டும். 2022-ல் சயின்ஸ் இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. அமெரிக்க ராணுவத்தில் எச்.ஐ.வி. சோதனைக்காக எடுத்த ரத்த மாதிரிகளைச் சேமித்து வைத்திருந்தார்கள். ஒரு கோடிக்கும் அதிகமான வீரர்களில், பிற்பாடு இந்த நோய் வந்த 801 பேரின் மாதிரிகளைச் சோதித்தார்கள். முதல் மாதிரியில் தொற்று இல்லாதவர்கள் 35 பேர். அவர்களில் 34 பேருக்கு நோய் தொடங்கும் முன்பே வைரஸ் தொற்றிவிட்டது! தொற்றுக்குப் பின் நோய் வரும் ஆபத்து சுமார் 32 மடங்கு கூடியது.

எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றியது இன்னொரு விஷயம். அதேபோல எச்சிலில் பரவும் சைட்டோமெகலோவைரஸ் என்ற இன்னொரு வைரஸ் தொற்றியபின் நோய் ஆபத்து இப்படிக் கூடவில்லை. நரம்பு சேதத்தைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் புரதமும் எப்ஸ்டீன்-பார் தொற்றுக்குப் பிறகே உயர்ந்தது.

அதற்காக, தொற்றியவர்களெல்லாம் பயப்பட வேண்டாம். மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. மரபணு, வைட்டமின் டி குறைவு, புகைப்பழக்கம் போன்ற வேறு காரணிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆன்டிபாடி சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் அதை வைத்து நோயை உறுதிசெய்யவும் முடியாது. அதற்கு எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் தண்டுவட நீர் சோதனை.