கடல் இருக்க, சாக்கடை நீர் எதற்கு?

கே: வறட்சியில் கடல்நீரைக் குடிநீராக்காமல் கழிவுநீரை ஏன் சுத்திகரிக்கிறார்கள்?

ப: உப்புதான் காரணம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நகரக் கழிவுநீரில் பெரும்பாலும் ஒரு கிராம் அளவுதான். உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வு வழியேதான் இரண்டையும் சுத்திகரிக்கிறார்கள். உப்பு கூடக்கூட அந்தச் சவ்வு வழியே நீரைத் தள்ள அழுத்தமும் கூடும். கடல்நீருக்கு 55 முதல் 70 பார் (ஒரு பார் ஏறக்குறைய காற்றழுத்தத்துக்குச் சமம்) தேவை, கழிவுநீருக்கு 10, 15 பார் போதும். ஆயிரம் லிட்டர் கடல்நீர்க் குடிநீருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் போகும். கழிவுநீருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்.

ஆனால் கடலோரத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பாதாளச் சாக்கடைக் குழாயின் விரிசல் வழியே உவர்நீர் உள்ளே கசியும். கழிவுநீரின் உப்பு ஏற, மின்சாரச் சேமிப்பும் கரையும். சவ்வை மாற்றிப் பயனில்லை, குழாயைத்தான் அடைக்க வேண்டும்.

கே: குளோரின் கலந்தால் சவ்வு கெடுமாமே?

ப: கெடும். தனிக் குளோரின், பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன இந்தச் சவ்வை அரித்துவிடும். அரித்ததும் உப்பு நழுவி வரும். குளோரினே இல்லாவிட்டாலோ, கிருமிகள் வழவழப்பாகப் படிந்து சவ்வை அடைத்துவிடும். அதனால் அம்மோனியாவோடு சேர்த்து, சவ்வை அவ்வளவாக அரிக்காத குளோரமினாகத் தருகிறார்கள்.

கே: குடிக்கலாமா?

ப: முறையாகச் செய்தால் தாராளமாக. நமீபியாவின் விண்டூக் நகரம் 1968 முதல் குடிக்கிறது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் நுண்வடிகட்டி, எதிர்சவ்வூடு பரவல் (மேலே சொன்ன சவ்வு முறை), ஹைட்ரஜன் பெராக்சைடுடன் புற ஊதாக்கதிர் என்று மூன்று கட்டம். பிறகு நிலத்தடியில் செலுத்துகிறார்கள். கடல்நீர் உட்புகுவதையும் அது தடுக்கிறது. அப்படி அனுப்பும் முன் சுண்ணாம்பு சேர்ப்பார்கள்; இல்லையேல் தாது இழந்த அந்த நீர் குழாயின் சிமெண்டையே கரைக்கும்.