கிட் கார் ஐவிஏ சோதனை: ரோல் பாரில் எங்கே பேடிங் வேண்டும், எப்படி ஒட்டுவது?

கேள்வியின் சுருக்கம்: பிரிட்டனில் வீட்டிலேயே கட்டிய, கூரையில்லாத, இரண்டு இருக்கைக் கிட் கார் (பாகங்களைத் தொகுப்பாக வாங்கி நாமே பூட்டும் கார்). இருக்கைகளுக்குப் பின்னால் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளைவு), முன் கண்ணாடியை ஒட்டி இரண்டு குழாய்கள், பக்கத்துக்கு ஒரு கதவுக் குழாய். சாலையில் ஓட்ட ஒப்புதல் தரும் ஐவிஏ சோதனைக்கு முன் எல்லாவற்றுக்கும் ஃபோம் பேடிங் சுற்ற வேண்டுமா?

வேண்டாம். எந்தக் குழாய் எந்த விதிக்குள் வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

2009-ல் எஸ்விஏ என்ற பழைய ஒப்புதல் சோதனையின் இடத்துக்கு வந்தது ஐவிஏ. டிவிஎஸ்ஏ (வாகனச் சோதனை நடத்தும் அரசு அமைப்பு) ஆய்வாளர் பார்க்கும்போது உட்புறப் பொருத்துகள் ஒரு பிரிவு, வெளிப்புற நீட்சிகள் இன்னொரு பிரிவு. உள்ளே தலை மோதக்கூடிய இடத்தை 165 மி.மீ விட்டமுள்ள கோளத்தை வைத்து முடிவு செய்வார்கள். வெளியே யார் மீதும் படக்கூடிய இடத்தை முடிவு செய்ய 100 மி.மீ கோளம். கோளம் தொடும் விளிம்பு கூராக இருக்கக் கூடாது: வெளியே குறைந்தது 2.5 மி.மீ ஆரம். உள்ளே சில இடங்களுக்கு 2.5, சில இடங்களுக்கு 3.2. எது எங்கே என்று குழம்புவதைவிட, உள்ளே குழாய்களை ஒட்டிய எல்லா விளிம்பையும் 3.2-க்கு மேல் கொண்டுவந்துவிடுவது நல்லது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 38 மி.மீ குழாயின் ஆரம் 19 மி.மீ. வெறும் குழாய் ஆர விதியில் ஒருபோதும் தோற்காது. தோற்பது குழாயில் ஒட்டிக்கொண்டிருப்பவைதான்: மூலைத் தகடு, பெல்ட் தாங்கி, அடித்தகட்டின் போல்ட் தலை, வெல்டிங் பொரிகள், கழற்றி மாட்டும் குறுக்குக் குழாயின் கிளாம்ப். இவற்றின் மேல் ஃபோமைச் சுற்றி மறைத்துவிடலாம் என்று நினைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. கூரான தகடு உள்ளிருந்தே ஃபோமை அறுக்கும். ஆய்வாளர் கட்டை விரலால் அழுத்தினாலே அடியில் இருக்கும் முனை தெரிந்துவிடும். முதலில் இரும்பை அரத்தால் உருட்டுங்கள், போல்ட் தலைக்கு உருண்டை மூடி போடுங்கள், பிறகுதான் பேடிங்.

இருக்கைக்குப் பின்னால் உள்ள பாரைப் பொறுத்தவரை, உட்புற விதி கடைசி வரிசை இருக்கையில் உட்கார்ந்தவரின் முதுகுக் கோட்டுக்கு முன்னால் இருப்பதைத்தான் பார்க்கிறது. இரண்டு இருக்கைக் காரில் அந்தக் கோடு உங்கள் முதுகுதான். ஆகவே அந்தப் பார் உட்புறக் கணக்கில் வராது. கூரையில்லாத கார் என்பதால் வெளிப்புறக் கணக்கில் வரும். அதற்கு ஆரம் சரியாக இருந்தால் போதும். ஆனாலும் தலைக்கு நேர் பின்னே உள்ள பகுதிக்குப் பேடிங் போடுங்கள். ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டப்போகிற வண்டி. பின்னாலிருந்து யாராவது இடித்தால் தலை அங்கேதான் போகும். கண்ணாடியை ஒட்டிய குழாய்களும் கதவுக் குழாயின் மேல் பகுதியும் வேறு விஷயம். தலை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே பேடிங் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுகிறதா என்று பார்க்க கெட்டி அட்டையில் 165 மி.மீ வட்டம் ஒன்றும் 100 மி.மீ வட்டம் ஒன்றும் வெட்டினால் ஓரளவு தெரியும். அதைவிடத் துல்லியம் வேண்டுமானால் ஏறக்குறைய அந்த அளவுள்ள பந்தில் சாக்பீஸ் பொடியைத் தடவி, பெல்ட் போட்டு உட்கார்ந்தவர் தலை போகக்கூடிய பக்கமெல்லாம் உருட்டுங்கள். வெள்ளை படிந்த இடமெல்லாம் வேலை உள்ள இடம். பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு போல்ட் முனையிலும் படிந்திருக்கும்.

பொருள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் சாம்பல் நிற ஃபோம் விரலால் அழுத்தினால் இரும்பு வரை அமுங்கும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். ரோல் கேஜுக்கென்றே (ரோல் பார் குழாய்களின் முழுக் கூண்டு) செய்த பேடிங்கில் எஃப்ஐஏ 8857-2001 அல்லது எஸ்எஃப்ஐ 45.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கும். ஒன்று தெரிந்து வாங்குங்கள்: இவை ஹெல்மெட் போட்ட தலைக்கானவை, கையில் தொட்டால் கட்டை மாதிரி இருக்கும். சாலைக் காருக்கு அதன் மேல் 10 மி.மீ அளவில் மென்மையான ஃபோம் ஒரு அடுக்கு சேர்ப்பது புத்திசாலித்தனம். மேல் அடுக்கு மெல்லிய இடியை வாங்கும், அடி அடுக்கு பெரிய இடியில் இரும்பைத் தொடவிடாது. மேல் அடுக்கும் தீ பரவாத ரகமாக இருக்கட்டும். வாகன உட்புறத் துணிக்கும் ஃபோமுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் தரம் ஐஎஸ்ஓ 3795. துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும் ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தடித்த பக்கம் தலையைப் பார்க்க வேண்டும்.

குழாயின் வெளி விட்டத்தைப் பெயின்ட் அடித்த பிறகு காலிப்பரால் அளந்துவிட்டு வாங்குங்கள். 38 மி.மீ குழாய்க்கு 45 ரக பேடிங் வாங்கினால் உள்ளே சுற்றிச் சுழலும், பசை பிடிக்காது. 45 குழாயில் 38 ரகத்தை ஏற்றினால் கீறல் (குழாயில் மாட்டுவதற்காகப் பேடிங்கில் நீளவாக்கில் உள்ள பிளவு) விரிந்து, வெயில் பட்டதும் இன்னும் அகலும்.

ஒட்டும் முறை: பவுடர் கோட்டிங் மேல் பசை நேராகப் பிடிக்காது. நார்ப் பட்டையால் பளபளப்பு போகும் வரை தேயுங்கள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். நியோப்ரீன் வகை கான்டாக்ட் பசையை வெட்டி எறிந்த ஃபோம் துண்டில் முதலில் தடவிப் பாருங்கள். சில பசைகளின் கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். இரும்பிலும் ஃபோமிலும் மெல்லிசாகப் பூசி, விரலில் நூல் இழுக்காத பதத்துக்குக் காயவிடுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். ஈரமாகவே மூடினால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் இளகியே கிடக்கும். கீறல் பயணியைப் பார்க்காத பக்கம் வர வேண்டும். நடுவில் தொடங்கி இரு முனைக்கும் அழுத்திப் போங்கள். 900 மி.மீ நீளத்துக்கு ஐந்தாறு மி.மீ கூடுதலாக வெட்டி நெருக்கித் திணியுங்கள். ஃபோம் காலப்போக்கில் சுருங்கும், அளவாக வெட்டினால் முனையில் இரும்பு எட்டிப்பார்க்கும்.

வளைவில்தான் சிக்கல். உள்வளைவில் ஃபோம் மடிந்து புடைக்கும், மடிப்பின் மேல் பசை விடும். உள்பக்கத்தில் சிறு முக்கோணங்களாக வெட்டி எடுத்து ஓரங்களை ஒட்டினால் படிந்துவிடும். இறுக்கமான வளைவென்றால் துண்டு துண்டாகச் சாய்வாக வெட்டிச் சேர்ப்பதே மேல். வெட்டுவதற்கு நீளமான புதுக் கத்தி வேண்டும். மழுங்கியது ஃபோமைப் பிய்க்கும். இரண்டு குழாய் சேரும் முனையை, எதிர்க் குழாயின் உருவத்துக்குக் குடைந்து உட்காரவையுங்கள்.

கேபிள் டை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். சோதனைக்காக மாட்டியது போலத் தெரியும். அதைவிட முக்கியம், வெட்டிய வால் பிளேடு மாதிரி இருக்கும். பேடிங் போட்டு ஒரு கூர்முனையைப் புதிதாக உண்டாக்கியதுதான் மிச்சம். பசை காயும்வரை பிடித்து வைக்க மட்டும் பயன்படுத்தி, பிறகு அறுத்து எறிந்துவிடுங்கள். அப்படியே விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் தலைப் பகுதி பின்பக்கம் திரும்பியிருக்கட்டும், வாலைத் தட்டை முனைக் கட்டரால் ஒட்ட வெட்டுங்கள். மேலே ஜிப் வைத்த உறை போட்டால் ஜிப்பின் இழுவையும் பின்பக்கமே போக வேண்டும்.

பேடிங் போடக் கூடாத இடம் ஒன்று உண்டு: தோள் பெல்ட் சுற்றியோ உரசியோ போகும் குறுக்குக் குழாய். மோதலில் பெல்ட் ஃபோமை நசுக்கும், நசுங்கிய அளவுக்குப் பெல்ட் தளரும். சாதாரண நாட்களிலும் நாடா ஃபோமை ரம்பம் போல அறுக்கும். அங்கே பெல்ட் இரும்பின் மேலேயே உட்காரட்டும். பேடிங்கை இருபுறமும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பக்கக் குழாயில் இன்னொரு கணக்கு. 38 மி.மீ குழாயைச் சுற்றி 20 மி.மீ ஃபோம் போட்டால் தடிமன் 78 ஆகிவிடும். வளைவுகளில் சைக்கிள்காரரை மறைக்க அது தாராளமாகப் போதும். ஓட்டுநரின் பார்வைப் புலத்தையும் ஆய்வாளர் பார்ப்பார். துளை ஒதுங்கிய ரகத்தை வைத்து, மெல்லிய பக்கம் பார்வைக் கோட்டில் வரும்படி திருப்பிப் பாருங்கள். அப்படியும் மறைத்தால், தலைக்கு மிக அருகில் ஓடும் அந்தக் குழாயை போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்து, பந்தயத் தடத்துக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கழற்றியபின் நிற்கும் தாங்கிகளின் விளிம்பை உருட்ட மறந்துவிடாதீர்கள். அவையும் கோளத்துக்கு எட்டும்.